ஒல்லி உடம்பு, முன்னே தொந்தி: பரம்பரையா, பரோட்டாவா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ. ஜவுளிக்கடை வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். கை கால் ஒல்லி, தொந்தி மட்டும் முன்னால் நிற்கிறது. அப்பா, அண்ணனுக்கும் அப்படியே. ராத்திரி கடை அடைத்ததும் பரோட்டாதான். பரம்பரை என்றால் நடந்து என்ன பிரயோஜனம்?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. எடையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 40 முதல் 70 சதவீதம் மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே மரபணுவின் வேலை இல்லை. உடல் பருமனோடு தொடர்புடையது என்று 2007-இல் பெரிதாகப் பேசப்பட்ட எஃப்டிஓ மரபணுவையே எடுங்கள். அதன் பாதக வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கியவர்களுக்குக்கூட சராசரியாகக் கூடும் எடை சுமார் 3 கிலோதான். அதுவும் பெரும்பாலும் பசி வழியாக வருவது: வயிறு நிறைந்தது தாமதமாகத் தெரியும், இன்னொரு பரோட்டா உள்ளே போய்விடும். உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவின் தாக்கம் குறைவு என்பதும் தெரிந்ததே. நடப்பதன் பிரயோஜனம் அதுதான்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, 24 சொச்சம். நம் ஊர்க்காரர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆண்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றித்தான் சேரும். தெற்காசியர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் சேரும். எடை மெஷின் இதைக் காட்டாது, இஞ்ச் டேப் காட்டும். அதுதான் உங்கள் கடையிலேயே இருக்கிறதே! பேன்ட் சைஸை நம்பாதீர்கள், பேன்ட் தொந்திக்குக் கீழே இறங்கி நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்கள். 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்கு மேல் என்றால் அதிகம்.

நிற்பது நடப்பதாகாது. மூச்சு வாங்கும் வேகத்தில் தினமும் அரை மணி நேரம், தெப்பக்குளத்தைச் சுற்றியோ வேறெங்கோ நடங்கள். வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி. வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்து அங்கே மட்டும் கொழுப்பைக் கரைக்க முடியாது. முடியும் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பரோட்டாவை அடியோடு விடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. வாரம் ஒரு நாள், இரண்டோடு நிறுத்துங்கள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து கட்டிப்போய் எட்டு மணிக்குள் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்: ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), பிரஷர் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள்.