பிக்கப் வண்டிக்கு முதலில் எதை மாட்டலாம்? முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

கேள்வி: புதிதாக டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப் எடுத்திருக்கிறேன். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சாமான்), பெரிய டயர், ஸ்டீல் பம்பர், கனோபி (பின்பக்கத்தை மூடும் கூண்டு), ரூஃப் டென்ட் (மேலே விரித்துப் படுக்கும் கூடாரம்) இவற்றில் எதை முதலில் போடலாம்? பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு ரோலர் ஷட்டர் மூடி (சுருட்டித் திறக்கும் மூடி) போட்டால் மைலேஜ் கூடுமா? வண்டி மொட்டையாக இருக்கிறது என்று எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் பிக்கப்பையும் வருடக்கணக்காக மொட்டை என்றுதான் சொல்கிறார்கள். அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. வண்டி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். இரவில் போனைத் திறந்தால் சேறு தெறிக்கும் வீடியோவாக வந்து விழும். யாரோ ஒரு நண்பர் ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்திருப்பார். சரி, கடைக்குப் போகும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். அங்கே இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். மொத்த எடை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதில் வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கையிருப்பு. ஏறும் ஆட்கள், சரக்கு, நீங்கள் மாட்டப்போகும் இரும்பு, ட்ரெய்லர் இழுத்தால் கொக்கியின் மேல் அது அழுத்தும் எடை, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நான் நர்சரி நடத்துகிறேன். செடி, பூந்தொட்டி, மண் மூட்டை, உரம் இவைதான் என் சரக்கு. மண்ணை எடை போட்டு வாங்குவதால் எடை மேடை எனக்குப் பழகிய இடம். என் தம்பி எனக்குப் பிறகு அதே மாடலில் ஒரு வண்டி எடுத்தான். ஊர் சுற்றுவதற்கு. முன்னால் ஸ்டீல் பம்பர், அதில் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி), பின்னால் ஃபைபர் கனோபி, உள்ளே இழுப்பறைகள், மேலே ரூஃப் டென்ட், இரண்டாவது பேட்டரி, இரண்டு இன்ச் லிஃப்ட், பெரிய டயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. "அக்கா, உன் வண்டி டெலிவரி எடுத்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்று அவன் எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் சண்டை.

ஒருநாள் மண் எடுக்கப் போனபோது அவனையும் அவன் வண்டியோடு கூட்டிக்கொண்டு போனேன். இரண்டையும் வெறுமனே மேடையில் ஏற்றினோம். அவனுடையது என்னுடையதைவிட நானூறு கிலோவுக்குப் பக்கத்தில் அதிகம். அவன் மேடை தப்பு என்றான். மேடை தப்பில்லை, கூட்டிப் பார்த்தால் அவ்வளவுதான் வரும். ஸ்டீல் பம்பர் அறுபது கிலோ, வின்ச் முப்பத்தைந்து, கனோபி எண்பது, இழுப்பறை எழுபது, டென்ட் அறுபது, டென்ட்டுக்கு அடியில் போகும் சட்டம் முப்பது, பேட்டரி இருபத்தைந்து, பெரிய டயர்கள் ஸ்டெப்னியோடு சேர்ந்து இன்னொரு முப்பது. எல்லாம் ஏறக்குறைய. பிராண்டுக்கு பிராண்டு மாறும், "என் கனோபி 45 கிலோதான்" என்று யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். எங்கள் மாடலின் கையிருப்பு 750 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறினால் அதில் முந்நூறு போகும். ஆக, தண்ணீர் கேனும் ஃப்ரிட்ஜும் அடுப்பும் வைக்க அவனுக்கு மிஞ்சுவது ஐம்பது கிலோ. அதாவது சரக்கு ஏற்றுவதற்கென்றே வடிவமைத்த ஒரு வண்டி, சரக்கு ஏறும் முன்பே நிரம்பிவிட்டது.

மொத்த எடை மட்டும் போதாது, அது எங்கே உட்கார்கிறது என்றும் பார்க்க வேண்டும். டபுள் கேப்பில் கேபின் நீளம் என்பதால் தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3.1 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 132 கிலோ. கூடுதலாக வந்த அந்த 32 கிலோவை முன் அச்சிலிருந்து தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் லேசாகி, முன் சக்கரத்துக்கு இருக்க வேண்டிய பிடிப்பு குறைகிறது. அதனால் மண் மூட்டையை எப்போதும் கேபினை ஒட்டித்தான் அடுக்குவேன். காலிப் பூந்தொட்டிகளும் செடிகளும்தான் கடைசியில். எல்லா வண்டிக்கும் அச்சு வாரியாகத் தனி வரம்பு உண்டு. மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை எடை பார்க்கலாம்.

"பின்னால் தாழ்ந்தால் ஏர் பேக் ஸ்பிரிங் போட்டுக்கலாம்" என்பார்கள், அதாவது ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த பை. வண்டி நிமிரும், உண்மைதான். வரம்பு மட்டும் ஒரு கிலோகூட உயராது. லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) தன் இரண்டு முனைகள் வழியாகச் சுமையை வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் பிரித்துக் கொடுக்கிறது. நடுவில் ஏர் பேக் வந்தால் அந்தச் சுமையில் பெரும்பங்கு ஒரே புள்ளியில் முட்டும். அதற்குப் பின்னால் பாரம் தொங்க, வண்டி பள்ளத்தில் குதித்தால் சேஸி அந்த இடத்தில் வளைகிறது. வளைந்த சேஸியோடு கேபினும் தொட்டியும் வி வடிவத்தில் நிற்கும் பிக்கப் படங்களைத் தேடிப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தொட்டிக்கு ரப்பர் விரிப்பு வாங்க ஓர் ஆக்சசரி கடைக்குத் தம்பியோடு போயிருந்தேன். வண்டி என் பெயரில், சாவி என் கையில், கேள்வி கேட்பது நான். கடைக்காரர் பதில் சொன்னது முழுக்க அவனிடம். "சார், இந்த விரிப்பு வழுக்காது." அவன் என்னைக் காட்டுகிறான். "மேடத்துக்கு சீட் கவர் காட்டட்டுமா?" என்கிறார். அதே கடையில் அவனிடம் ரூஃப் டென்ட் விற்றவர், வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிற்கும் வண்டியின் கூரை உள்ளே படுக்கும் ஆட்களையும் தாங்கிவிடும். ஓடும்போது, குலுங்கும்போது, வரம்பு அதைவிட மிகவும் குறைவு. இரண்டும் வேறு எண்கள். டென்ட் வாங்குகிறீர்களென்றால் ஓடும்போதைய எண்ணைத்தான் கேட்க வேண்டும். எனக்குக் கடைசிவரை சீட் கவர்தான் காட்டினார்கள். விரிப்பை வேறு இடத்தில் வாங்கினேன்.

லிஃப்ட்டும் பெரிய டயரும். கற்பாறையில் அடிவயிறு இடிக்கிறது என்றால் போடுங்கள், அதற்குத்தான் அது. பார்க்க மட்டும் என்றால் என்னென்ன கூடவே வருகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ஈர்ப்பு மையம் உயரும், திருப்பத்தில் சாயும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் (மறுபடி சரிசெய்யாமல் ஓட்டுகிறவர்களே அதிகம்). 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 265/70 ஆர்17 போட்டால் 803. மூன்றரை சதவீதம் பெரிது. டயர் மாற்றும் முன் ஸ்பீடோமீட்டர் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது என்றால், இனி அது 100 காட்டும்போது நீங்கள் 103க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் விகிதமும் அதே அளவுக்கு நீளும், ஏற்றத்தில் இழுவை குறையும்.

எனக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டின் உயரம்தான் முதல் கணக்கு. இரண்டு இன்ச் லிஃப்ட்டும் பெரிய டயரும் சேர்ந்து அதை ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கிவிடும். ஈர மண்ணோடு ஒரு சிமெண்ட் பூந்தொட்டியை அந்த ஆறு சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்கிப் பாருங்கள், முதுகு பதில் சொல்லும். வண்டிக் கம்பெனிகளுக்கே இந்தப் பிரச்சினை தெரியும். ஃபோர்டு 2008 சூப்பர் டியூட்டியில் டெயில்கேட்டுக்குள்ளிருந்து இழுக்கும் படிக்கட்டு வைத்தது. ஜிஎம்சி 2019 சியராவில் டெயில்கேட்டையே பல விதமாக மடக்கிப் படியாக்கியது. ஹோண்டா ரிட்ஜ்லைனில் டெயில்கேட் கீழேயும் விழும், கதவு போலப் பக்கவாட்டிலும் திறக்கும். பக்கவாட்டில் திறந்தால் தொட்டிக்கு அருகிலேயே போய் நிற்கலாம். வடிவமைப்பில் நான் பொறாமைப்பட்டது இதற்கு மட்டும்தான்.

சக்கர வளைவுகளுக்கு இடையிலான அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் தொட்டியின் முழு அகலம் சொல்வார்கள், சரக்கு மாட்டுவது வளைவில். ஃபோக்ஸ்வாகனின் முதல் தலைமுறை அமரோக்கில் அந்த இடைவெளி 1222 மில்லிமீட்டர். 1200 மில்லிமீட்டர் நீள யூரோ பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) குறுக்காக உட்காரட்டும் என்றே அப்படி வைத்தார்கள்.

என் வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தொட்டியின் விளிம்பில் கம்பு செருகும் பொந்துகள் உண்டு. 1925ல் ஃபோர்டு தன் மாடல் டி காருக்குத் தொழிற்சாலையிலேயே பின்பெட்டி வைத்து விற்றபோது, அதிலும் இப்படி நான்கு பொந்துகள் இருந்தன. கூடவே டெயில்கேட்டும் கனமான பின் ஸ்பிரிங்கும். நூறு வருடத்தில் எவ்வளவோ மாறியும் இந்தப் பொந்து என் வண்டிவரை வந்திருக்கிறது. அவற்றில் கம்பு செருகி, நிழல் வலை கட்டி, உயரமான கன்றுகளை நிறுத்துவேன். வலை இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் காற்றில் இலை காய்ந்து கருகிவிடும். வலை ஒரு கைப்பிடி எடைகூட இராது. அப்புறம் தரையில் கயிறு கட்டும் வளையங்கள், ரப்பர் விரிப்பு. அவ்வளவுதான்.

தொட்டிக்குள் உட்காரும் பிளாஸ்டிக் லைனர் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மண்ணும் தண்ணீரும் புழங்கும் வேலைக்கு அது ஆகாது. வார்ப்பில் செய்த அந்த லைனருக்கும் தகட்டுக்கும் நடுவில் மணல் சிக்கி, வண்டி ஆட ஆட பெயிண்ட்டைத் தேய்க்கும். ஈரம் உள்ளேயே நிற்கும். லைனரைக் கழற்றும்போதுதான் துரு தெரியும். ஸ்பிரே செய்யும் பூச்சு தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அடிக்கும் முன் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு உரித்து எடுக்கவும் முடியாது.

கேபினையும் தொட்டியையும் சேர்த்துப் போல்ட் போடும் ஒரே சட்டமாக ரேக் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, அது அழகுக்கு விட்டதல்ல. மேடு பள்ளத்தில் சேஸி முறுக்கும், கேபின் ஒரு பக்கமும் தொட்டி ஒரு பக்கமும் அசையும். இறுக்கிக் கட்டினால் எங்காவது வெல்டிங் விரியும், இல்லையென்றால் தகடு கிழியும்.

கேபினுக்குப் பின்னால் மாட்டும் ரோல் பார் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை அலங்காரக் குழாய்கள். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றும் என்று நம்பி வாங்க வேண்டாம். எல்இடி பாரை (நீள விளக்குப் பட்டையை)ப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை, பொதுச் சாலையில் அணைத்து வைத்தால் சரி.

ஆஃப்ரோடு நண்பர்கள் கோபிக்க வேண்டாம். தனியாகக் காட்டுக்குள் போகிறவருக்கு வின்ச் உயிர் காக்கும் பொருள், நான் மறுக்கவில்லை. ஸ்டீல் கயிற்றுக்குப் பதில் சிந்தெடிக் கயிறு போட்டால் முன் அச்சுக்குச் சில கிலோ மிச்சமாகும் என்று தம்பிக்குச் சொன்னதே நான்தான். அவன் இப்போது இழுப்பறையைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறான், டென்ட்டை முகாமுக்குப் போகும்போது மட்டும் ஏற்றுகிறான். என் வண்டியைக் கிண்டல் செய்வதை மட்டும் நிறுத்தவில்லை. ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் வரிசை இது: கயிறு கட்டும் வளையங்கள், தரைக்குப் பூச்சு அல்லது விரிப்பு, நல்ல டயர் (அதே அளவில்). மற்றதெல்லாம் ஒரு வருடம் ஓட்டிவிட்டு.

ரோலர் ஷட்டர் மூடியும் மைலேஜும். டெயில்கேட் மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிப் போகும். அதனால்தான் டெயில்கேட்டைத் திறந்து போட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்று சொல்வது பலிப்பதில்லை. மூடி போட்டால் காற்றுத் தடை இன்னும் கொஞ்சம் குறையலாம், ஆனால் அந்தச் சேமிப்பில் மூடியின் விலை எளிதில் திரும்பாது. திருட்டுக்கும் மழைக்கும் என்றால் வாங்குங்கள். ஷட்டர் சுருளும் பெட்டி கேபின் பக்கம் தொட்டியில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும், மண் மூட்டை உட்கார வேண்டிய அதே இடத்தை. அதன் வடிகால் குழாய்களை அவ்வப்போது ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். வாங்கும் முன் உங்கள் சரக்கின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். என் தொட்டிக்கு அப்படி ஒரு மூடி போட்டால் எலுமிச்சைக் கன்றுகூட நிமிர்ந்து நிற்காது.