ரப்பர் தோட்டத்து ரஷ்ஷும் எட்டு ஜிபி லேப்டாப்பும்

அன்புள்ள அக்கா,

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம் படிக்கிறேன். வீடு குலசேகரம் பக்கம். எடிட்டிங்தான் என் வேலை என்று இரண்டாம் வருஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் கல்லூரி லேபில் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. என்னிடம் இருப்பது எட்டு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். டைம்லைனில் நாலு கிளிப் போட்டாலே நின்றுவிடுகிறது. சனி, ஞாயிறுகளில் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணப் போகிறேன். அங்கே எல்லாமே டெம்ப்ளேட். இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று வகுப்பில் சொல்கிறார்கள்.

சென்னையில் ஆறு மாத எடிட்டிங் கோர்ஸ் ஒன்று விசாரித்தேன். ஃபீஸ் லட்சத்துக்கு மேல். சீட்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. அம்மாவுக்கு விருப்பமில்லை. போகலாமா?

என் ப்ராஜெக்ட் படத்தின் லிங்க்கை இத்துடன் அனுப்புகிறேன். என் சித்தப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவரைப் பற்றிய 11 நிமிட ஆவணப்படம். போனிலும் கல்லூரிக் கேமராவிலும் எடுத்தது. எங்கள் சார் பார்த்துவிட்டு, "இவர் பேசுவது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, நல்ல தமிழில் வாய்ஸ் ஓவர் போடு" என்றார். போட வேண்டுமா? சவுண்ட், கலர் எல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது என்றும் சொல்லுங்கள் அக்கா.

அன்புடன்,
அ., குலசேகரம்

அன்புள்ள அ.,

சென்னையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் படம். உங்களுக்கு எது கைவந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நான்காவது நிமிடத்தில் ஒரு ஷாட். இன்னும் விடியவில்லை. சித்தப்பா தலையில் ஹெட்லைட்டோடு மரத்தருகே குனிந்து நிற்கிறார். கத்தி பட்டையில் இழுபடுகிறது, மெல்லிய சுருளாகப் பட்டை உதிர்கிறது. வெட்டிய கோட்டில் பால் புள்ளி புள்ளியாக ஊறி, ஒன்றாகச் சேர்ந்து, சரிவில் இறங்கிச் சிரட்டையை, அதாவது பால் பிடிக்கும் கொட்டாங்குச்சியை, நோக்கி வருகிறது. அருமையான ஷாட். கேமரா ஆடவில்லை, ஃபோகஸ் தவறவில்லை, பொறுமையாக எடுத்திருக்கிறீர்கள். ஆனால் முதல் சொட்டு சிரட்டையில் விழுவதற்குள் வெட்டிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டீர்கள். கத்தி இழுபடும் சத்தமும் இல்லை. அதை ம்யூட் செய்துவிட்டு எங்கிருந்தோ இறக்கிய பியானோ இசையைப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஷாட்டைப் பார்க்கிறவர் காத்திருப்பது ஒரே ஒரு சொட்டுக்காக. அதைக் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். சொட்டு விழும் சத்தம் கேட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நான் சொல்லப்போவது இதுதான்: இந்த 11 நிமிடப் படத்தை, ரஷ் (எடிட் செய்யாத மொத்தப் பதிவு) பார்ப்பதில் தொடங்கி சப்டைட்டில் வரைக்கும், முதலிலிருந்து இன்னொரு முறை நீங்களே எடிட் செய்யுங்கள். உங்களுக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு இதைவிட நல்ல கோர்ஸ் எனக்குத் தெரியவில்லை. எடிட்டிங் படிக்கிற பிள்ளைகள் பலர் முப்பது ரீல்ஸ் செய்திருப்பார்கள். ஒரு படத்தைக்கூட எல்லாக் கட்டமும் தாண்டி முடித்திருக்க மாட்டார்கள். ஒரு படத்தை முடிக்கும்போதுதான் எந்தக் கட்டத்தில் செய்யாமல் விட்டது எந்தக் கட்டத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்று தெரியும்.

டைம்லைனைத் திறக்காமல் ஆரம்பியுங்கள். எடுத்த எல்லாவற்றையும், வீணான கிளிப் உட்பட, முழுதாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளிப் எண், டைம்கோட் (கிளிப்பில் அது வரும் நேரம்), அதில் என்ன நடக்கிறது, பார்க்கும்போது உங்களுக்கு எங்கே சிலிர்த்தது, எங்கே அலுத்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் தடவை பார்க்கும்போது தோன்றுவது திரும்பக் கிடைக்காது, அதனால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். சித்தப்பாவின் பேட்டியை அவர் பேசியபடியே ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எது முதலில், எது பிறகு என்பதைப் பேப்பரிலேயே முடிவு செய்யலாம். இதற்கு ராமும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

பிறகு அசெம்பிளி (ஷாட்களை வரிசையாக அடுக்குவது), ரஃப் கட் (முதல் வெட்டு), ஃபைன் கட் (நுணுக்கமான வெட்டு), கடைசியில் பிக்சர் லாக். லாக் என்றால் லாக்தான். அதன் பிறகு ஒரு ஃப்ரேம்கூட நகரக் கூடாது. சவுண்ட் செய்கிறவரும் கலர் செய்கிறவரும் அந்த டைம்கோடை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். பத்தாவது ஷாட்டில் அரை விநாடி கூட்டினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இடம் மாறும். இப்போது உங்கள் படத்தில் எல்லாவற்றையும் செய்கிறவர் நீங்கள் ஒருவரே என்றாலும், இந்த ஒழுங்கை இப்போதே பழகுங்கள்.

சவுண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் உங்கள் படம் அதிகம் இழந்திருக்கிறது. பேட்டியின் கடைசிப் பகுதியில் குரல் ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமும் போகிறது, கவனித்தீர்களா? உங்கள் கையில் கோளாறில்லை. போன் கேமராக்கள் பெரும்பாலும் ஃப்ரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை, நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் அதை ஒரே ரேட் என்று எடுத்துக்கொள்ளும்போது சிங்க் (படமும் சத்தமும் ஒத்துப்போவது) மெல்ல நழுவுகிறது. எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் அல்லது ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். கல்லூரிக் கேமரா 25 ஃப்ரேமில் எடுத்திருக்கிறது, போன் 30-இல். அதனால்தான் சித்தப்பா நடக்கிற ஷாட்டில் ஒரு வெட்டிவெட்டி இழுக்கிற அசைவு தெரிகிறது. அடுத்த முறை பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள், பல போன்களில் ஓடும். அதில் ஃப்ரேம் ரேட்டையும் ஷட்டரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவைக்க முடியும். ஷட்டரை 1/50-இல் வைத்தால் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் டியூப்லைட் துடிப்பதும் நிற்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

இன்னொரு முறை தோட்டத்துக்குப் போங்கள், கேமரா இல்லாமல், ஒரு ரெக்கார்டரோடு மட்டும். கத்தி பட்டையில் படும் சத்தம், சருகில் நடக்கும் சத்தம், சிரட்டையிலிருந்து பால் வாளிக்கு மாறும் சத்தம், வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுபாலைப் பிய்க்கும்போது வருகிற அந்த இழுவை, ரோலரில் ஷீட் போய் வருவது. ஒவ்வொன்றையும் மைக்கை மிக அருகில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு எல்லாரும் சும்மா இருக்கும்போது தோட்டத்தின் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் எடுங்கள். பேட்டியில் வெட்டு விழுகிற இடங்களில் காது கண்டுபிடிக்கிற ஓட்டையை அடைக்க அந்த இரண்டு நிமிடம்தான் உதவும். ரெக்கார்டரில் சாம்பிள் ரேட் எல்லாவற்றுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். மைக்குக்கு ரோமத் தொப்பி போடாமல் வெளியே எடுக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றை எடிட்டில் அழித்துவிடலாம் என்று நினைத்துப் பதிவு செய்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். குரலையும் சேர்த்து அரிக்காமல் அது போகாது.

டைம்லைனில் முதலில் பேச்சு, பிறகு அருகில் எடுத்த சத்தங்கள், பிறகு சூழல், கடைசியில்தான் இசை. உங்கள் படத்தில் இப்போது ஒவ்வொரு கட்டிலும் படமும் சத்தமும் ஒரே நொடியில் மாறுகின்றன. அடுத்த காட்சியின் சத்தத்தை ஒரு விநாடி முன்பே கொண்டுவாருங்கள். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரோலர் ஓடும் சத்தம் கேட்கட்டும், பிறகு கொட்டகைக்குப் போகலாம். ஜே கட் என்பார்கள். மறுபக்கமாகவும் செய்யலாம், அது எல் கட். இந்த இரண்டையும் காதால் பழகிவிட்டால் டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது) பக்கமே போகத் தோன்றாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது மொத்த ஒலி அளவைப் பாருங்கள். யூடியூப் ஏறக்குறைய -14 எல்.யூ.எஃப்.எஸ்.ஸை (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) வைத்துக்கொண்டு, அதைவிடச் சத்தமாக இருந்தால் குறைத்துவிடுகிறது.

லேப்டாப் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ப்ராக்ஸி செய்யுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் 720பி-யில் ஒரு லேசான நகல் எடுத்து, எடிட் முழுவதையும் அதில் செய்து, எக்ஸ்போர்ட்டின்போது ஒரிஜினலுக்கு மாற்றிக்கொள்வது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஒரு மாணவருக்குத் தேவையானதெல்லாம் தரும், ஆனால் எட்டு ஜிபியில் மூச்சு வாங்கும். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் அதைவிட இலகுவானவை, காசும் இல்லை. கட்டிங்கை அதில் செய்துவிட்டு, கலருக்கு மட்டும் கல்லூரி லேபின் இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

கலரைப் பற்றிச் சுருக்கமாக. இணையத்தில் இறக்கிய லட் (நிறங்களை மொத்தமாக மாற்றும் ரெடிமேட் ஃபைல்) ஒன்றை எல்லா ஷாட்டிலும் போட்டிருக்கிறீர்கள். அது லாக்கில் (log, கான்ட்ராஸ்ட் குறைத்து வெளிறலாகப் பதிவு செய்யும் முறை; மேலே சொன்ன பிக்சர் லாக் வேறு) எடுத்த படத்துக்கானது, உங்கள் போன் ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் சேர்த்த படத்தைத் தருகிறது. அதனால் நிழலெல்லாம் கரியாகிவிட்டது. எடுத்துவிடுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய்து, பக்கத்துப் பக்கத்து ஷாட்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் இலைப் பச்சை முகத்தில் ஏறும், அதைக் குறைத்து சித்தப்பாவின் தோல் நிறத்தைக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இயக்கம், கேமரா, எடிட்டிங் எல்லாம் அவரே. கேரள அரசு 1992 முதல் மலையாளத் திரைத்துறையின் உயரிய விருதை அவர் பெயரில் தருகிறது. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். உங்கள் ரஷ்ஷுக்கு அந்தக் கதி வரக் கூடாது. 50 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 50 மெகாபிட்) எடுத்த ஒரு மணி நேர ரஷ் 22.5 ஜிபி வரும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குகிற காசு அந்தக் கோர்ஸ் ஃபீஸில் சிறு பங்குதான். ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றைச் சித்தப்பா வீட்டிலும் வையுங்கள். கார்டை ஃபார்மேட் செய்வதற்கு முன் இரண்டிலும் திறந்து பார்த்துவிடுங்கள்.

மார்த்தாண்டம் ஸ்டுடியோவை விடாதீர்கள். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் மூன்று கேமரா ரஷ்ஷை ஒரே ராத்திரியில் சிங்க் செய்து பார்த்ததில்லை. கெட்டிமேளம் முழங்குகிற இடத்தில் மூன்று ஆடியோவிலும் அலை ஒரே மாதிரி எழும்பும், அதை வைத்துப் பொருத்தலாம். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு கேமராவை யாரோ மறைத்துவிட்டால் மற்ற இரண்டிலிருந்து அந்த நிமிடத்தைக் கட்டியெழுப்ப வேண்டும், ரீடேக் கிடையாது. மாமியார் வீட்டார் முகங்கள் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. இதெல்லாம் அசிஸ்டென்ட் எடிட்டரின் வேலைதான். டெம்ப்ளேட் போடுகிற நேரத்தில் டேட்டா காப்பி செய்வது, சிங்க் செய்வது, கிளிப்களுக்குப் பெயர் வைப்பது ஆகிய வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தையும் கேட்டு வாங்குங்கள். கற்றுக்கொள்கிற பிள்ளை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குவது எனக்கு ஒப்பாது.

இப்போது சென்னை. அப்பா சீட்டு எடுத்து அந்த ஆறு மாதக் கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். சாஃப்ட்வேர் பட்டன்களை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறீர்கள். எடிட்டிங்கையே முழுப் படிப்பாகப் படிக்க ஆசையிருந்தால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு முயலுங்கள், விண்ணப்பத்தோடு காட்ட இந்தப் படம் கையில் இருக்கும். இன்னொன்று, உங்கள் வீட்டிலிருந்து திருவனந்தபுரம் எவ்வளவு பக்கம்! சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில். திருவனந்தபுரத்துக்குக் காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு வரலாம். திருவல்லத்தில் கேரள அரசின் சித்ராஞ்சலி ஸ்டுடியோ இருக்கிறது. மலையாளம் உங்களுக்குக் காதில் விழுந்தே பழகிய மொழி. அசிஸ்டென்ட்டாகச் சேர அங்கேயும் கேட்டுப் பாருங்கள். டிசம்பரில் வழக்கமாக நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு மாணவர் பாஸ் எடுத்துப் போய் ஒரு வாரம் படம் பாருங்கள். அம்மாவும் இதற்குச் சம்மதிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக வாய்ஸ் ஓவர். போடாதீர்கள், மக்களே. உங்கள் சார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் இதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. "வெட்டு பட்டையோட நிக்கணும், தடியில படப்பிடாது. பட்டா பின்ன அந்த இடத்தில பட்டை நேரா வளராது" என்று சித்தப்பா சொல்கிறாரே, ஒரு மில்லிமீட்டர் கணக்கு அது. அந்தக் கை அதை எத்தனை ஆயிரம் மரங்களில் செய்திருக்கிறது என்பது அவர் குரலில் இருக்கிறது. அதன்மேல் இன்னொருவர் செய்தித் தமிழில் பேசினால் படத்தில் சித்தப்பா இருக்க மாட்டார். புரியாதவர்களுக்குச் சப்டைட்டில் போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி எஸ்.ஆர்.டி. ஃபைலாக (வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் உள்ள ஃபைல்) செய்யுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு விநாடிக்குக் குறைவாக எதுவும் நிற்க வேண்டாம், முடிந்தவரை ஷாட் மாறுகிற இடத்தைத் தாண்டி ஓட வேண்டாம். ஒட்டுபால், சிரட்டை போன்ற வார்த்தைகளைத் தமிழ் சப்டைட்டிலில் அப்படியே விடுங்கள். படத்தைப் பார்க்கிறவருக்கு அவை என்னவென்று கண்ணுக்கு எதிரே தெரிகிறது.

புதிய கட் தயாரானதும் அனுப்புங்கள். இசை சேர்க்காத வெர்ஷனையும் கூடவே வையுங்கள். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா