பிறேக் ஒயில் குறைந்தால் ஊற்றிவிட்டு ஓடாதீர்கள், தம்பி

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம் என்கிறீர்கள். தெரிந்தவரிடம் 2012ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், வளைவில் திரும்பும்போது சிவப்பு பிறேக் விளக்கு மின்னி மறைகிறது, கூட வேலை செய்பவர் "ஒரு போத்தல் பிறேக் ஒயில் வாங்கி ஊற்றிவிட்டு ஓடு" என்கிறார். ஒழுக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. இன்சூரன்ஸ், வின்ரர் ரயர், பிரம்ப்டனுக்கு மாறுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் பிறேக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கட்டாயம் பார்க்கலாம். ஆனால் பார்த்து முடியும்வரை அந்தக் காரை எடுக்காதீர்கள். வேலைக்கு பஸ்ஸில் போங்கள்.

பிறேக் ஒயில் மூடிய குழாய்களுக்குள் இருப்பது. எஞ்சின் ஒயில் போல எரிந்து குறையாது. அது குறைந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்: உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பிறேக் பாட் தேய்ந்து மட்டம் மெல்ல இறங்கியிருக்கும், அல்லது எங்கோ ஒழுகுகிறது. திரும்பும்போது விளக்கு மின்னினால், பிறேக் ஒயில் இருக்கும் தாங்கியில் மட்டம் கீழ்க் கோட்டுக்கு வந்து, திருப்பத்தில் ஒயில் ஒரு பக்கம் சாய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஹாண்ட் பிறேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அதற்கும் பெரும்பாலும் இதே விளக்குத்தான்.

பொனட்டைத் திறந்தால், பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குக் கிட்ட, உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் தாங்கி இருக்கும். மூடியைத் திறக்கத் தேவையில்லை, வெளியிலிருந்தே கோடு தெரியும். மட்டம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் அடையாளம் வையுங்கள். தமிழ்க் கடையில் மாம்பழம் வருகிற மட்டைப்பெட்டிகளைக் கேட்டால் தருவார்கள். அவற்றை விரித்து நாலு சக்கரத்துக்கு உள்பக்கமும் தாங்கிக்குக் கீழேயும் இரவு போட்டு வையுங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பழைய கறை நிறைய இருக்கும், மட்டை இல்லாமல் எது உங்களுடையது என்று தெரியாது. பிறேக் ஒயில் புதிதாக இருந்தால் வெளிர் மஞ்சள், பழையது தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கும். விரலில் வழுக்கும், எஞ்சின் ஒயிலை விட மெல்லியது, தண்ணீரில் மிதக்காமல் கரையும். பிறகு கையைக் கழுவுங்கள். காரின் பெயின்ரில் பட்டால் அதையும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மட்டை காய்ந்திருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில ஒழுக்கு அழுத்தம் வந்தால் மட்டும்தான் வெளியே வரும். பின் சக்கரத்தில் டிரம் பிறேக் என்றால் அதற்குள்ளேயே கசிந்து ரயரின் உள்சுவரில் ஈரமாகத் தெரியும். பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரின் பின்பக்கம் ஒழுகினால், மிதிப்புக்குப் பலம் சேர்க்கும் பூஸ்ரருக்குள் போய்விடும், நிலத்தில் ஒரு சொட்டும் விழாது. அதனால் எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து தரம் அழுத்தி, கெட்டியானதும் ஒரு நிமிடம் அப்படியே மிதித்துப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் அந்தக் காரைத் தொடாதீர்கள், ரோ பண்ணிக் கராஜுக்கு அனுப்புங்கள். மிதித்தபடி எஞ்சினைப் போடும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது வழமையானது, அதற்குப் பயப்பட வேண்டாம். அப்புறம் வீட்டில் ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பி, முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். வெறும் ஜாக்கில் நிற்கிற காருக்குக் கீழே மட்டும் தலையை வைக்காதீர்கள்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், 1994 மாசியில் நான் வாங்கிய முதல் காரும் ஊர்க்காரர் ஒருவர் தந்ததுதான். "தம்பி, வீட்டுக் கார் மாதிரி" என்றார். மூன்றாம் கிழமை, இரவு வேலை முடிந்து எக்லிங்டன் வீதியில் சிக்னலின் சிவப்பு விளக்குக்கு மிதித்தால் பெடல் தட்டுவரை போனது. பிறேக்குக்கு இரண்டு தனிப் பாதைகள் உண்டு, ஒன்று போனாலும் மற்றது கொஞ்சம் பிடிக்கும். அந்தப் பாதிப் பிறேக்கும் ஹாண்ட் பிறேக்கும்தான் என்னைச் சந்தியின் நடுவில் நிறுத்தின. விடியப்புறம் என்பதால் குறுக்கே ஒருவரும் வரவில்லை. மெக்கானிக் பின்பக்க இரும்புக் குழாயை விரலால் அழுத்திக் காட்டினார். பொரித்த அப்பளம் போல உதிர்ந்தது. அன்றைக்குத்தான் டிக்கியில் ஸ்பெயர் ரயருக்குக் கீழே பார்த்தேன், பிறேக் ஒயிலின் வெறும் போத்தல்கள் மூன்று கிடந்தன. விற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஸ்நோ உருக உப்பை றோட்டில் கொட்டுவார்கள் என்பதே இங்கு வந்துதான் தெரியும். அந்த உப்புத்தான் குழாயைத் தின்கிறது. "சேஃப்டி எடுத்துத் தந்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். சேஃப்டி என்பது கார் ஓடத் தகுதியானது என்று கராஜ் சோதித்துத் தரும் பத்திரம், ஒன்ராறியோவில் அது 36 நாள் செல்லும். ஆனால் அது சொல்வது சோதித்த அன்றைய நிலையை மட்டும்தான்.

எங்கள் ஆட்கள் ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள். என் மாமாவின் மொறிஸ் மைனர் அப்படித்தான் ஓடியது, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தச் சமாளிப்பைப் பிறேக்குக்குக் கொண்டுவரக் கூடாது. கையில் கிடைத்த எஞ்சின் ஒயிலை அதற்குள் விட்டால் ரப்பர் சீல்கள் ஊதி, முழுவதும் மாற்ற வேண்டி வரும். தாங்கியின் மூடியில் பிறேக் ஒயிலின் வகை டொட் 3 என்றோ டொட் 4 என்றோ எழுதியிருக்கும், அதையே விடுங்கள். குழாய் மாற்ற வேண்டி வந்தால் செப்பும் நிக்கலும் கலந்ததைக் கேளுங்கள், அது இரும்பு போலத் துருப்பிடிக்காது. மண்டபம் எடுத்துப் பிறந்தநாள் செய்யக் காசு இருக்கிறவர்கள்கூட இதற்கு மெக்கானிக்கிடம் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பேசாதீர்கள்.

இப்போதும் ஒவ்வொரு ஐப்பசியும், முதல் ஸ்நோவுக்கு முன்னர், டிரைவ்வேயில் டோர்ச்சோடு படுத்துப் பார்க்கிறேன். முன்பு மனைவி பெடலை மிதித்துப் பிடிப்பா. இப்போது மகள்.