தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கு?

வாசகர் கேள்விகள்: மீன் வளர்ப்பு

கேள்வி: ரங்கூனுக்குப் பக்கத்தில், துவாண்டே ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு குஞ்சு பொரிப்பகம் போட்டிருக்கிறேன். ரோகு கெண்டை மீன் முட்டை நன்றாகவே பொரிகிறது. ஆனால் இரண்டாம் நாள் விடிகாலையில் பார்த்தால் பாதிக்கு மேல் தொட்டி அடியில் வெள்ளையாகக் கிடக்கிறது. விடுவது ஆழ்குழாய்த் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன், பலனில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில் அந்த மருந்துப் பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள், தம்பி. குஞ்சு செத்தால் நோய் என்பது நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பொரித்து 2 நாளான குஞ்சுக்கு நோய் வருவதைவிடத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போவதுதான் அதிகம்.

"கண்ணாடி மாதிரி" என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். ஆழ்குழாய்த் தண்ணீர் அதுவரை காற்றையே பார்க்காதது. அதில் பிராணவாயு அநேகமாக இருக்காது. கரியமில வாயு இருக்கும், நம் ஐராவதி டெல்டா பக்கம் இரும்பும் இருக்கலாம். மேலே வந்து காற்றுப் பட்டதும் அந்த இரும்பு துருவாகப் பிரிந்து முட்டை மேலும் குஞ்சின் செவுள் மேலும் படியும். குஞ்சு மூச்சுத் திணறிச் சாகும், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும்.

சோதிக்கக் காசு வேண்டாம். ராத்திரி ஒரு வெள்ளை எனாமல் பேசினில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காலையில் விரலால் அடியைத் தேய்த்துப் பாருங்கள். செம்மண் பூசினது போல ஒட்டினால் இரும்புதான். தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றி, கல் அடுக்கின தட்டுகள் வழியாகச் சொட்டச் சொட்ட விழவிட்டு, ஒரு நாள் தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியாகப் பொரிதொட்டிக்குக் கொண்டுபோங்கள். குஞ்சு இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருக்க வேண்டும். 3க்குக் கீழே போனால் ஆபத்து.

இன்னொன்று. பொரித்ததும் முட்டைத் தோலை வடித்தெடுக்கிறீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. அந்தத் தோல் அழுகினால் பிராணவாயுவையும் தின்னும், தண்ணீர் வெளியேறும் வலையையும் அடைக்கும்.

ராத்திரி தண்ணீர் ஓட்டம் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். நான் பட்டது இது: ஒரு வாஸோ மாதம் (பர்மியக் கணக்கில் ஜூன், ஜூலை வாக்கில் வருவது), மழை ராத்திரி, கரண்ட் போனது தெரியாமல் தூங்கிவிட்டேன். ஜெனரேட்டரில் டீசலும் இல்லை. ரோகு முட்டை தண்ணீர் குடித்து 4, 5 மில்லிமீட்டருக்கு ஊதும். ஒட்டாது, ஓட்டம் இருந்தால்தான் மிதக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டி நடுவில் ஆறின ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி குவிந்து கிடந்தது. கை விட்டுக் கலக்கினேன், எல்லாம் வெள்ளை. 28 டிகிரி சூட்டில் 15, 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும், அந்த ஒரு ராத்திரி விழித்திருந்திருக்கலாம். அன்றைக்கு வீட்டில் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

கேள்வி: நாற்றங்கால் குளத்தில் விட்ட குஞ்சு காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் 3 மணிக்கு மேல்தான் சாகிறது. தண்ணீர் நல்ல பச்சை. தினம் 2 வீசை (3 கிலோவுக்குச் சற்று மேல்) கடலைப் பிண்ணாக்கு போடுகிறேன். சுண்ணாம்பு போடலாமா?

பதில்: போடாதீர்கள்! பச்சைத் தண்ணீரில் பாசி வெயிலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், அதனால் மத்தியானம் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7க்கு மேல் போனால் காரம்) 9 வரை ஏறும். பிண்ணாக்கு அழுகி அம்மோனியா வரும். பி.எச். 7இல் அதில் நூற்றுக்கு 1 பங்குகூட விஷமாக இருக்காது. 9இல், நம் ஊர்ச் சூட்டில், 40 பங்கு விஷமாகிவிடும். அம்மோனியா அளவு அதேதான், காலையில் ஒன்றும் செய்யாதது மத்தியானம் கொல்லும். இதில் நீற்றின சுண்ணாம்பைப் போட்டால் பி.எச். இன்னும் ஏறும். 2 நாள் தீனியை நிறுத்துங்கள், கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் பாதி அளவில் ஆரம்பியுங்கள். பி.எச். பார்ப்பதென்றால் விடிகாலை 5 மணிக்கும் மத்தியானம் 3 மணிக்கும் பாருங்கள். காலை 10 மணிக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதி வைப்பது யாருக்கும் உதவாது.

கேள்வி: ரங்கூனிலிருந்து பெகுவுக்குப் பையில் கொண்டுவந்த குஞ்சு, குளத்தில் கொட்டியதும் செத்துவிட்டது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவரை விடுங்கள், கொட்டியது எப்படி? பைக்குள் தண்ணீர் ஒரு சூடு, குளம் ஒரு சூடு. மூச்சு விட்டு விட்டுப் பைக்குள் பி.எச்.சும் இறங்கியிருக்கும். பையைக் கட்டு அவிழ்க்காமல் குளத்தில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைத் திறந்து குவளை குவளையாகக் குளத்துத் தண்ணீரைச் சேருங்கள். பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானாக வெளியே நீந்தும். நீந்தாமல் உள்ளேயே கிடப்பதைக் கொட்டிப் பயனில்லை, அதை எண்ணி வைத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள்.