லிஸனிங்கில் மட்டும் 6: நர்ஸ் மகளின் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்க்கும் உங்கள் பெண், இங்கிலாந்து போக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வை எழுதினாள். படித்து விடை எழுதும் ரீடிங்கில் 7 வந்தது, ஆடியோவைக் கேட்டு விடை எழுதும் லிஸனிங்கில் 6-ஐத் தாண்டவில்லை. ஹெட்போனை மாட்டினாலே கை சில்லிட்டுப் போகிறதாம். காது டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்கிறீர்கள். காதில் கோளாறு என்றால் வார்டிலேயே தெரிந்திருக்குமே!

முதலில் கணக்கைப் பாருங்கள். லிஸனிங்கில் மொத்தம் 40 கேள்வி. 23 சரி என்றால் ஏறக்குறைய 6 என்று மதிப்பெண் தருவார்கள், 30 சரி என்றால் 7. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய லிஸனிங்கில் 7 வேண்டும். ஆக, குறைவது ஏழு கேள்விதான். பத்தைக் கோட்டை விட்டாலும் வேலை முடிந்துவிடும். இது அவளுக்கு உறைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சொல் தவறினாலே எல்லாம் போச்சு என்று இந்தப் பிள்ளைகள் பதறிவிடுகிறார்கள். ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். 14-வது கேள்விக்கு என்ன சொன்னார்கள் என்று மனசுக்குள் துழாவும்போதே 15, 16-க்கான விடைகள் காதைக் கடந்துவிடும். தெரியாமல் போனது ஒன்று, பயத்தில் போனது இரண்டு. தவறினால் தோன்றியதை எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவச் சொல்லுங்கள். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வாசித்துப் பழகிவிட்டோம். அவர்கள் பேச்சிலோ ‘ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்பது ‘ஷுடவ் டோல்டிம்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். எழுத்தில் காட்டினால் “அட, இதுவா!” என்பாள். அதனால் எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற இரண்டு நிமிட ஆடியோ ஒன்றை எடுக்கட்டும். பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுத வேண்டும். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன இடங்களில் கோடு போட வேண்டும். அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். தினம் இருபது நிமிடம் போதும். கோச்சிங் சென்டர்களில் மாக் டெஸ்ட் மேல் மாக் டெஸ்ட் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மார்க் தெரியும், எங்கே சறுக்கியது என்று தெரியாது. தமிழ் சப்டைட்டிலோடு படம் பார்ப்பதும் காதுக்குப் பயிற்சி ஆகாது.

லிஸனிங்கின் முதல் பகுதியில் ஒரு பொறி உண்டு. “ஃபிஃப்டீன்… சாரி, ஃபிஃப்டி” என்று சொன்னதை மாற்றிச் சொல்வார்கள். முதலில் கேட்டதை எழுதிவிட்டுக் காதை மூடிவிடக் கூடாது.

ஓஇடி என்று மருத்துவத் துறையினருக்கான தேர்வும் இருக்கிறது, இங்கிலாந்தில் அதையும் ஏற்கிறார்கள். அதன் லிஸனிங்கில் 42 கேள்வி. அதில் 24, நோயாளி தன் உபாதையைச் சொல்லும் உரையாடலைக் கேட்டுக் குறிப்பு நிரப்புவது. தினமும் செய்கிற வேலை என்பதால் சிலருக்குப் படபடப்பு குறைகிறது. கட்டணம்தான் கூடுதல். மாதிரித் தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். “இன்னைக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று தினமும் கேட்காதீர்கள். அடுத்த தேர்வுத் தேதியையும் இப்போதே புக் செய்ய வேண்டாம். வீட்டில் எழுதும் பழைய தாள்களில் தொடர்ந்து 32-ஐத் தாண்டட்டும், அப்புறம் பணம் கட்டலாம்.