எண்ணைக் கேட்டதும் திறக்கும் கதவு

கேள்வி: அலுவலகக் கதவைத் திறக்கும் ஆர்எஃப்ஐடி அட்டையை (ரேடியோ அலை வழியாகத் தொடாமலே படிக்கப்படும் அட்டை) நமக்குத் தெரியாமல் நகலெடுக்க முடியுமா?

பதில்: 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய அட்டை என்றால் தாராளமாக முடியும். அந்த அட்டைகளில் இருக்கும் ஈஎம்4100 சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 40 பிட் நிலையான எண் மட்டும். எந்த ரீடரின் காந்தப்புலம் பட்டாலும், கேட்பது யார் என்று பார்க்காமல் அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். அதையே டி5577 என்ற, எழுதி அழிக்கக்கூடிய சில்லில் பதிந்துவிட்டால் கதவுக்கு அசலும் நகலும் ஒன்றுதான். சில நொடி வேலை.

நம்முடையது அடுத்த வகையான 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைதானே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அந்த வகையில் வரும் மைஃபேர் கிளாசிக் அட்டையின் கிரிப்டோ-1 என்ற மறையாக்கப் பூட்டுக்கு 48 பிட் சாவி. அது 2008லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பல இடங்களில் உடைக்கும் வேலைகூட இல்லை. ஆலையில் வைத்த சாவி, அதாவது பன்னிரண்டு 'எஃப்', மாற்றப்படாமலே கிடக்கும். அல்லது சாவியைத் தொடாமல், அட்டை வெளிப்படையாகச் சொல்லும் யுஐடி என்ற அடையாள எண்ணை மட்டும் பார்த்துக் கதவு திறக்கும். ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்க வசதியுள்ள டெஸ்ஃபயர் வகை அட்டை வாங்கிவிட்டு இப்படி அமைத்தால் செலவுதான் மிச்சம்!

பொருத்தியவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ரீடர் ஏஇஎஸ் சாவியால் அட்டையைச் சரிபார்க்கிறதா, யுஐடியோடு நின்றுவிடுகிறதா? ரீடரிலிருந்து, கதவைத் திறப்பதா என்று முடிவெடுக்கும் கண்ட்ரோலருக்குப் போவது வீகண்ட் என்ற பழைய முறை இணைப்பா, ஓஎஸ்டிபி என்ற புதிய முறையா? வீகண்டில் எண் எந்த மறைப்பும் இல்லாமல் இரண்டு கம்பிகளில் போகிறது. வெளிச்சுவரில் இருக்கும் ரீடரைத் திருகிக் கழற்றினால் ஒட்டுக்கேட்கலாம். ஓஎஸ்டிபி என்றாலும் அதன் செக்யூர் சேனல் என்ற மறையாக்க வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பையில் இருக்கும் வங்கி அட்டையிலிருந்து பணத்தைத் திருடிவிடுவார்களா?

பதில்: சில சென்டிமீட்டருக்குள் வந்தால் அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் படிக்கப்படலாம். பின்பக்கத்து மூன்று இலக்க எண் அலையில் வராது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சில்லு புதிய குறியீட்டை உருவாக்குவதால், பதிவு செய்ததை மறுபடி ஓட்டியும் பயனில்லை. மிஞ்சுவது ரிலே தாக்குதல்: ஒருவர் உங்கள் பை அருகே, மற்றவர் கடை இயந்திரத்தருகே நின்று, இரண்டு போன்கள் வழியாகச் சைகையை நேரலையில் கடத்துவது. பரிவர்த்தனை வரம்பைக் குறைத்து, குறுஞ்செய்தி அறிவிப்பை இயக்கி வையுங்கள். உறை போடுவதானால் அலுமினியத் தாள் அட்டை முழுவதையும் மூட வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைக்கு மெல்லிய தாளை நம்ப வேண்டாம்; தாழ் அலைவரிசைக் காந்தப்புலம் அதை ஊடுருவும்.

கேள்வி: துணியில் வரும் ஆர்எஃப்ஐடி சீட்டை என்ன செய்வது?

பதில்: அது பெரும்பாலும் 860–960 மெகாஹெர்ட்ஸ் வகை, பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கலாம். வெட்டி எடுத்துவிடுங்கள். ஆண்டெனாவின் நுனியை மட்டும் நறுக்கினால் சில்லைச் சுற்றியுள்ள சிறு வளையம், ரீடரை அருகில் கொண்டுபோகும்போது இன்னமும் பதில் சொல்லும். கத்தரி சில்லை ஒட்டியே விழ வேண்டும்.