காற்றின் வலுவைத் திரும்பிப் பார்த்துக் கணியுங்கள்

கேள்வி: சிறிய பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். வானிலை அறிவிப்பில் காற்று 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ. வேகம்) என்றிருந்தது. போகும்போது சாதுவாக இருந்த காற்று, திரும்பும்போது படகையே சாய்த்துவிட்டது. கருவி இல்லாமல் அலையையும் பாயையும் பார்த்தே காற்றை எடைபோட முடியுமா?

பதில்: முடியும். உங்கள் அளவுக்கு, அலைகளின் உச்சி உடையும்போது எழும் வெண்ணுரை ஒன்றைக் கவனித்தாலே போதும். அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் 7 முதல் 10 நாட்; அடிக்கடி தெரிந்தால் 11 முதல் 16; பார்க்கும் இடமெல்லாம் தெரிந்தால் 17 முதல் 21. நுரை காற்றின் திசையில் கோடு கோடாக இழுபடத் தொடங்கினால் 28ஐத் தொட்டுவிட்டது. அப்போது சிறு படகு கடலில் இருக்கவே கூடாது.

உங்களை ஏமாற்றியது பின்காற்று. 18 நாட் காற்றோடு சேர்ந்து 6 நாட் வேகத்தில் ஓடினால், படகில் உணரப்படுவது 12தான். காற்றை எதிர்த்துச் சாய்வாகத் திரும்பும்போது அதுவே 22ஐ நெருங்கும், பாயின் மீதான அழுத்தமோ மூன்று மடங்கைத் தாண்டும். தவிர, முன்னால் பார்க்கும்போது உடைந்து விழும் முகம் தெரியாமல் அலைகளின் முதுகுதான் தெரியும். ஆகவே காற்று வரும் பக்கம் திரும்பிப் பாருங்கள்; தொலைவு போகுமுன் ஒரு நிமிடம் படகை எதிர்த்திசையில் ஓட்டியும் பாருங்கள். சுக்கானை இறுக்கிப் பிடித்தால்தான் படகு நேராகப் போகிறது என்றால், அங்கேயே பாயைச் சுருக்கிவிடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், அலை வளர இடமில்லாததால் கரையோர நீர் வழவழப்பாகவே இருக்கும். காற்று பலமாக இருந்தாலும் அங்கே பெரிய அலை எழாது, வெளியே போகப் போகத்தான் எழும். வாடகைக்குப் படகு பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் "கடல் எப்படி அமைதியாக இருக்கிறது பாருங்கள்" என்று கைகாட்டுவது இந்த நீரைத்தான். அங்கே அலையை நம்பாதீர்கள். தொலைவில் போகும் படகுகள் பாயைச் சுருக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாய்மர உச்சியில் காற்றுமானி பொருத்தினால் கவலை தீர்ந்தது என்பார் விற்பவர். படகின் வேகத்தைக் கழித்துக் கணக்கிடும் வசதி இல்லாத கருவி, பின்காற்றில் உங்களுக்கும் அதே 12ஐத்தான் காட்டியிருக்கும்; இதை விற்பவர் சொல்ல மாட்டார்.

அறிவிப்பில் வரும் 12 என்பது சராசரி. இடையிடையே எழும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக, அதாவது 17 நாட் வரை இருக்கலாம். சிறு படகைக் கவிழ்ப்பது அந்த வீச்சுதான் என்று தெரிந்திருந்தும், சராசரியை மட்டும் ஒற்றை எண்ணாக அறிவித்து நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வீச்சு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த எண்ணுக்குத் தக்க பாயை விரியுங்கள்.